மரியதாஸ் அண்ணனின் டிரேடு

மரியதாஸ் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னாள். காலடிப்பேட்டையிலிருந்து நான் ராயபுரம் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. 'டிரேடு யூனியனின் தூண் சாய்ந்தது' என்று எழுதி, அண்ணனின் படத்தைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார் சங்கச் செயலாளர். அண்ணனைச் சங்கத்திலிருந்து நீக்கியதும் இதே செயலாளர்தான்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில், இப்போது கன்டெய்னர் அடுக்கியிருக்கும் இடத்தில்தான் எங்கள் கம்பெனி இருந்தது. அண்ணன் அங்கே மூத்த ஃபிட்டர். புதிதாக வரும் ஆளிடம் பெயர் கேட்கமாட்டார். "இன்னா டிரேடு?" என்பார். அவருக்கு அந்தச் சொல் கைத்தொழில் ஒன்றைத்தான் குறித்தது. மாநகராட்சிக்காரருக்கு அது கடைக்கு வாங்கவேண்டிய லைசென்ஸ். முதலாளிக்கு வாங்கி விற்பது. செயலாளருக்கோ லெட்டர்பேடில் போட்டுக்கொள்ள ஓர் அலங்காரம்.

நான் ஐ.டி.ஐ. படிக்காதவன். ஒன்பது வருடம் ஹெல்பராக நின்று, பார்த்துப் பார்த்தே கற்றவன். என்னை நிரந்தரமாக்க டெஸ்ட் வையுங்கள் என்று கேட்டபோது மேனேஜர் சிரித்தார். "சர்டிபிகேட் இல்லாதவனுக்கு எதுக்குய்யா டிரேடு டெஸ்ட்?" செயலாளர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

"டிரேடு கையில கீதா, காயிதத்துல கீதா? குட்த்துப் பாரு சார்," என்றார் அண்ணன்.

டெஸ்ட் இதுதான்: இரும்புத் தகட்டில் ஒரு சதுரத் துளை, அதில் உட்காரும் ஒரு சதுரத் துண்டு. இரண்டையும் அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். பொருத்தியதை அண்ணன் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் ஃபெயில். என்னுடையதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வெளிச்சம் இல்ல. நீ ஃபிட்டரு நைனா," என்று தன் அரத்தையே என் கையில் கொடுத்தார்.

பிறகு கம்பெனியை மூடினார்கள். சம்மதம் என்று செயலாளர் கையெழுத்துப் போட்டார். அண்ணன் போடவில்லை. "நம்ம வேலைய வித்துட்டு வந்து நமக்கே மாலை போடுறியா?" என்று வழியனுப்புக் கூட்டத்தில் கேட்டார். அன்றைக்குத்தான் அவரை நீக்கினார்கள்.

அடக்கத்தன்று, அவரோடு பெட்டிக்குள் வைக்க அந்த அரத்தை எடுத்துப் போயிருந்தேன். பெட்டி சங்கத்தார் கொண்டுவந்தது. மூடியின் ஒரு மூலை தடித்துப்போய், சரியாக உட்காரவில்லை. விரல் நுழையும் இடுக்கு. தூக்காதீர்கள் என்றேன்.

"வுடு பெருசு. மேல சங்கக் கொடி போத்திட்டா இன்னா தெரியப் போவுது?" என்றார் செயலாளர்.

"ஆயுசு பூரா அதத்தானே பண்ணிகினு கீற," என்றேன். "கொடிய மடிச்சு உன் வூட்டுக்கே எடுத்துகினு போ."

மகள் கொடியை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

பாதிரியார் காத்திருந்தார். பேண்டுக்காரர்களும் காத்திருந்தார்கள். அந்த அரம் மரத்துக்கு ஆகாது. ஆனாலும் மூலை படியும்வரை ராவினேன். பிறகு அரத்தை அண்ணனின் வலது கையருகே வைத்து, மூடியை மூடி, குனிந்து நாலு பக்கமும் பார்த்தேன்.

வெளிச்சம் இல்லை, அண்ணே. போய் வாருங்கள்.