மாமா தாண்டிப்போன மூன்றாவது சாபம்

லெந்து என்கிற தவக்கால நாட்களில் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஆன்மிகப் பயணம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விரும்பிப் போகவில்லை. சென்னையில் வேலை, வாடகை, கெட்ட தூக்கம் என்று கிடந்தவளை அம்மா போன் போட்டுப் போட்டுத் துரத்தினார். வேதத்துக்குத் திரும்பு, எல்லாம் சரியாகும் என்றார். மாமாவின் ஊர்ச் சபையில் மூன்று நாள் வேத வாசிப்பு முகாம். பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களையும் சபையார் மாறி மாறிச் சத்தமாக வாசித்து முடிப்பார்கள். பிரசங்கம் கிடையாது என்றார்கள். அதற்காகவே ஒத்துக்கொண்டேன். பிரசங்கம் கேட்டுக் கேட்டுத்தான் நான் சபையை விட்டு ஓடினேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். அங்கிருந்து கம்பம் இன்னும் நாற்பது கிலோமீட்டர். இடது ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், சின்னமனூர் தாண்டியதும் மேகமலை கூடவே வரும். கம்பத்தில் இறங்கி சுருளிப்பட்டிப் பக்கம் எட்டு கிலோமீட்டர் ஆட்டோ. இருநூறு கேட்டார்கள், நூற்றைம்பதுக்குப் படிந்தது.

"முகாமுக்கா தங்கச்சி?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமாண்ணே."

"போன வருசமும் இதே மாதிரி சனம் வந்தாக. விழுந்து பொரண்டு அழுதாக. திரும்பிப் போகயில எங்கிட்ட இருவது ரூவா கொறைக்கச் சொல்லி அரை மணி நேரம் சண்டை."

நான் ஐம்பது குறைத்தவள்.

மாமா அந்தச் சபையின் கமிட்டி உறுப்பினர். இரண்டு ஏக்கர் திராட்சை வைத்திருக்கிறார். இந்தப் பக்கம் திராட்சைப் பந்தலைக் கருங்கல் தூண்கள்மேல் கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும், அடியில் நடந்தால் ஏப்ரலிலும் குளிரும். அவர் தோட்டத்துக்கு அந்தண்டை எஸ்தர் அக்காவின் அரை ஏக்கர் வாழை. அவர் கணவர் செத்த மறு வருஷமே மாமா தன் பந்தலின் கடைசி வரிசையைப் பெயர்த்து, ஏழு கல்தூண்களை எஸ்தர் அக்காவின் வண்டிப்பாதைக்குள் நட்டுவிட்டார். அதிலிருந்து அங்கே குட்டியானை லோடு வண்டி நுழையாது. ஒவ்வொரு வாழைத்தாரையும் அக்கா தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதை எனக்குச் சொன்னது மாமா வீட்டாரில்லை. முதல் நாள் மதியம் சாம்பார் வாளியோடு நின்ற எஸ்தர் அக்காவே சொன்னார், பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி. எல்லாரும் அப்பளத்தை நொறுக்கினார்கள்.

சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மைக் பெஞ்சு வரிசைப்படி கைமாறும். ஆளுக்கு ஓர் அதிகாரம். யாருக்கு எது வரும் என்று யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு மாமா கைக்கு மைக் வந்தது. அவருக்கு விழுந்தது சாபங்களின் அதிகாரம். ஒவ்வொரு சாபத்துக்கும் ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. விக்கிரகம் செய்கிறவனுக்கு முதல் சாபம். ஆமென். தாய் தகப்பனை அவமதிக்கிறவனுக்கு இரண்டாவது. ஆமென். மாமா வாசிப்பை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். அப்புறம் குருடனை வழி தப்பச்செய்கிறவனின் சாபத்துக்குப் போனார். அது நான்காவது.

"ஆமென்" என்றார் எஸ்தர் அக்கா.

பாஸ்டர் நிமிர்ந்தார். "இன்னும் வசனம் முடியலம்மா."

"விட்ட வசனத்துக்குச் சொன்னேங்கய்யா. அண்ணன் மூணாவதத் தாண்டிப் போயிட்டாக."

பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விட்ட வசனத்துக்குத் திரும்ப வந்தார். அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துகிறவன்மேல் விழும் சாபத்தை வாசித்தார்.

இப்போது சபை ஆமென் சொல்ல வேண்டும். அறுபது பேர் இருந்தோம். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. எனக்கு மாமாமேல் வந்த கோபத்தைவிட இவர்கள்மேல் வந்தது பெரிது. விக்கிரகத்துக்குக் கூரை அதிரக் கத்தியவர்கள் கல்தூணுக்குத் தரையைப் பார்த்தார்கள். கல்லை நட்டது ஒருவர். நட்ட அன்றைக்கே எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவரையே கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஆமென் சொன்னேன். எத்தனையோ வருஷம் கழித்து.

முடிவு ஜெபத்தில் மாமா முழங்காலில் விழுந்து அழுதார். நடிப்பில்லை, சட்டை நனைந்தது. "மனந்திரும்பிட்டாக, தோத்திரம்" என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். சாயங்காலம் அவரே எஸ்தர் அக்கா வாசலுக்குப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"எஸ்தரு, கர்த்தர் எங்கூடப் பேசிட்டாரு. இனிமே எம்பந்தலுக்கு அடியில நீ தாராளமா வந்து போயிக்க."

"குட்டியானை ஒங்க தூணுக்குள்ள குனிஞ்சு போகுமாண்ணே?"

"சொமந்துக்கிட்டுப் போறதுக்குத்தான் சொல்றேன். இன்னும் ரெண்டடி ஒதுக்கித் தாரேன்."

"ஏம்பாதைய எனக்கே தருமம் பண்றீகளா? கல்லப் பிடுங்குங்கண்ணே."

"கர்த்தரே மன்னிச்சுட்டாரும்மா!"

"அவரு வாழைத்தாரு சொமக்கலயே."

இந்தப் பயணத்தில் நான் கற்றது இதுதான். திரும்புதல் என்கிறோம். எடுத்த இடத்துக்குத் திரும்பிப்போய் வைப்பதுதான் திரும்புதல். மற்றதெல்லாம் கண்ணீர், அதற்குப் பதினைந்து நிமிஷம் போதும். வேதம் பழசு, புரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். புரிகிற வரிகளைத்தான் நாம் தாண்டுகிறோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முகாமுக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடு சபையில். பாய், போர்வை கொண்டுபோங்கள், விடியற்காலை மலைக்காற்று இறங்கும். சுருளி அருவிக்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டோவில் பேரம் பேசாதீர்கள். திரும்ப, கம்பத்தில் பதினொன்றரைக்கு நேராக மதுரை பஸ் இருக்கிறது. நான் அதில் வரவில்லை.

காரணம், மறுநாள் காலை மாமா கடப்பாரையோடு தோட்டத்துக்குப் போனார், நானும் எஸ்தர் அக்காவும் கூடவே போனோம். திராட்சை பழுத்து நின்ற நேரம். கம்பியை வெட்டியதும் கடைசி வரிசைக் கொடி தொங்கிப்போய்க் குலைகள் மண்ணில் விழுந்தன. அத்தை வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தார். மூன்று கல் சாய்ந்ததும் மாமா கடப்பாரையைப் போட்டுவிட்டார்.

"மிச்சம் நாலையும் அறுப்பு முடியவும் எடுத்துர்றேன். பழம் வீணாப் போகுதும்மா."

எஸ்தர் அக்கா சாய்ந்த தூணின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மருமகளே, நீயாச்சும் சொல்லு. ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?"

"அடுத்த பஸ்ல போயிக்கிறேன் மாமா" என்று நானும் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன்.

மாமா எங்களைப் பார்த்தார். என்னென்னவோ திட்டினார், ஒன்றுகூட வேதத்தில் வராது. அப்புறம் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு நான்காவது கல்லுக்குப் போனார். அன்றைக்கு அவர் அழவே இல்லை.