கண்ணை மூடிச் சாப்பிடும் பிள்ளை

இந்த ஊரில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினால் சமைத்தவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஹைதராபாத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு சரோஜம்மா எங்களைச் சாப்பிட அழைத்தார். தட்டில் சோறும் கோங்கூரா பப்பு என்கிற புளிச்சகீரைப் பருப்பும் வந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் வழக்கம்போலக் கண்மூடி ஜெபித்தோம். திறந்து பார்த்தால் சரோஜம்மா கரண்டியோடு பதறிப்போய் நிற்கிறார். "ஏமண்டி, கூர பாகலேதா?" கறி நன்றாக இல்லையா என்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், சாப்பிடுமுன் சாமி கும்பிட்டோம் என்றேன். சாமியைக் கூப்பிடுகிற அளவுக்கா காரம் போட்டுவிட்டோம் என்று அவர் தண்ணீர்ச் செம்பை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பாளையங்கோட்டையில் இதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பா ஜெபிக்க ஆரம்பித்தால் மீன்குழம்பில் ஆடை படிந்துவிடும். ஒரு பிடி நிலக்கடலை என்றாலும் ஸ்தோத்திரம் சொல்லாமல் வாய்க்குள் போகாது. இங்கே வந்தபின் வெளியிடங்களில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மனதுக்குள் ஒரு வரியோடு முடித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். ஆனால் அப்போது நான்கு வயதாக இருந்த என் மகள் எஸ்தரிடம் அந்தச் சலுகை செல்லாது. இந்த ஊரிலேயே பிறந்தவள், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாளையங்கோட்டைக்காரி. பஸ்ஸில் மிட்டாய் கொடுத்தாலும் கைகூப்பிக் கண்ணை மூடுவாள். "ஒவ்வொரு மிட்டாய்க்கும் ஒரு ஆராதனையா?" என்று இவர் கேலி செய்வார். எனக்கோ சுற்றியிருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருக்கும்.

எழுபதுகளில் ஒரு டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டுக்குப் போனோம். இவர் கடிகாரம் ரிப்பேர் செய்யப் போனார். நான் ஒரு ரோஸ் நிறத் துணியை, சாயம் போகுமோ என்று இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துணியை இறக்கியபோது பக்கத்தில் எஸ்தர் இல்லை.

அதற்குப்பின் நான் கத்தியது எந்த மொழி என்றே தெரியவில்லை. இவர் ஓடிவந்து, "பிள்ள எங்கட்டி?" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கடை கடையாகப் பார்த்தோம். போலீசிடம் சொன்னோம். பிறகு எங்களைப்போன்ற தமிழர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம். தமிழ்ப் பிள்ளையைக் கண்டெடுத்தவர்கள் தமிழர்களிடம்தானே கொண்டுபோய் விடுவார்கள்? ரிக்‌ஷா பிடித்து மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு விரைந்தோம். அங்கே தெரிந்த தமிழ் வீடுகளின் கதவையெல்லாம் தட்டினோம். எல்லோரும் எங்களோடு அழுதார்கள், பிள்ளை மட்டும் அங்கே இல்லை.

மறுபடி மார்க்கெட்டுக்கு வரும்போது இருட்டிக்கொண்டிருந்தது. ஆண்டவரே, இந்த ஊருக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது இதற்குத்தானா என்று நான் சண்டையே போட்டுவிட்டேன். மார்க்கெட் முனையில் ஓர் ஈரானி டீக்கடை. கல்லாவில் இருந்தவரிடம், சிவப்பு கவுன் போட்ட சின்னப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆங்கா பந்த் கர்கே காதீ சோ பச்சி?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற பிள்ளையா?

"ஹவ்! ஹவ்!" என்று கத்தினேன். 'ஆமாம்' என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல்படுகிறவள் நான்.

கடை வாசலில் அழுதுகொண்டு நின்றவளுக்கு அவர் பிஸ்கெட் கொடுத்திருக்கிறார். பெயர் கேட்டதற்கு 'பாப்பா' என்றாளாம், ஊர் கேட்டதற்கு 'குவார்ட்டர்ஸ்' என்றாளாம். பிஸ்கெட்டையும் வாயில் வைக்கவில்லை. பயப்படுகிறாள் என்று அவர் நினைத்தபோது, அதை மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடி முணுமுணுத்து 'ஆமென்' என்றிருக்கிறாள். இது இசாயி பச்சி, கிறிஸ்தவக் குழந்தை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போலீஸ் வந்து கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை பிள்ளை தன் ஜனங்களோடு இருக்கட்டும் என்று அடுத்த தெருவில் விளக்கெரிந்த தெலுங்குச் சர்ச்சுக்குக் கடை ஆளோடு அனுப்பி வைத்திருக்கிறார்.

சர்ச்சில் பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில், யாரோ போர்த்திவிட்ட சால்வைக்குள் எஸ்தர். நான் கட்டிப்பிடித்து அழுதேன், இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். அவளோ என் காதில் ரகசியமாகப் புகார் சொன்னாள்: "அம்மா, வீள்ளு ப்ரேயர் சேயகுண்டா தின்னாரு." இவங்க ஜெபம் பண்ணாம சாப்பிட்டுட்டாங்க! கேட்டுவிட்ட பாடகர்கள் சிரித்த சிரிப்பில் ஆர்மோனியமே நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபின்தான் உறைத்தது. எருசலேமில் சிறுவன் இயேசுவைத் தொலைத்த யோசேப்பும் மரியாளும் முதலில் சொந்தக்காரர்களிடம்தான் தேடினார்கள், அவர் இருந்ததோ தேவாலயத்தில். சண்டே ஸ்கூலில் நானே பிள்ளைகளுக்கு நடத்திய பாடம். என் சொந்தக்காரர்கள் மெட்டுகுடாவோடு முடிந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நான் கூச்சப்பட்ட ஜெபத்தைப் பார்த்து, என் வேதத்தைச் சேராத ஒருவர் என் பிள்ளையை ஆண்டவர் வீட்டில் சேர்த்திருக்கிறார். அதற்குப்பின் ஹோட்டலிலும் பஸ்ஸிலும் நான் தாராளமாகக் கண்ணை மூடுகிறேன்.

அடுத்த கோடையில் பாளையங்கோட்டை போனோம். நான் பிறந்த வீட்டில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் எஸ்தரை ஜெபிக்கச் சொன்னார் அப்பா. அவள் தெலுங்கில் ஆரம்பித்தாள். பிஸ்கெட் கொடுத்த தாத்தாவுக்கும் ஸ்தோத்திரம் சொல்லி, போய்க்கொண்டே இருந்தாள்.

மதினி பொறுக்காமல் என் காதருகே குனிந்து, "பிள்ள என்னட்டி முணுமுணுக்கு? மீன்கொழம்பு பிடிக்கலயோ?" என்றாள்.

"ஜெபிக்கா மதினி. எங்க ஊர்ல இப்பிடித்தான்."

சொன்னபின்தான் அந்த 'எங்க ஊர்' என் காதிலேயே விழுந்தது. மதினி கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். எஸ்தர் ஜெபத்தை நிறுத்தி, ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் முறைத்தாள். நான் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.