ஈயப் புகையும் இரண்டு கட்டி வெல்லமும்

1. சிவப்பு மாறிய பேட்டரி

தொண்ணூறுகளில் மைசூரில், நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு பேட்டரி ரிப்பேர் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் ஓனர் என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். பில் போடுவேன், சார்ஜ் பார்ப்பேன், சாயங்காலம் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பேன். பேட்டரிக்குள் இருக்கும் பழைய ஈயப் பிளேட்டுகளை உருக்கும்போது எழும் புகை தொண்டையில் தங்குமாம். வெல்லம் அதை வழித்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடுமாம். ஷெட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் கத்திக்கொண்டே வந்தார்.

"எவன்யா பேட்டரி கட்டினது? பிளஸ்ஸுக்குப் பூசற சிவப்பை மைனஸுக்குப் பூசி வெச்சிருக்கான். வயரிங் பூரா எரிஞ்சுபோச்சு!"

கட்டியவர் மாதண்ணன். ஹனூர்ப் பக்கத்துக்காரர். ஈயம் ஊற்றுவதில் ஷெட்டில் அவர்தான் முதல் கை. சண்டைக்கு நிற்பார் என்று நினைத்தேன். டெர்மினலைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நான் பூசினதுங்களா தம்பி இது? நெனப்பே வரலீங்களே."

2. புகை போகும் வழி

தலைவலி, கை நடுக்கம், காரணமில்லாத கோபம் எல்லாம் அவருக்கு முன்பே இருந்தன. மைசூரிலேயே விஜயநகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். புகை தொண்டையோடு நிற்பதில்லை. நுரையீரலுக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. அந்த ரத்தம் மூளைக்கும் போகிறது. மறதிக்கு இதுதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் பலமாக இருக்கிறது. முதலில் ஈயம் உருக்கும் அடுப்பை விட்டு விலக வேண்டும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாதண்ணன் கேட்டார்.

"வெல்லம் தின்னாலும் போவாதுங்களாமா?"

"வெல்லம் வயித்துக்குப் போகுதுண்ணா. புகை போற வழி வேற."

"அப்ப இத்தன வருசம் தின்னது சும்மா இனிப்புக்குத்தானுங்களா?" என்று சிரித்தார்.

3. ஓனரிடம்

மறுநாள் ஓனரிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லி, மாதண்ணனை அடுப்பிலிருந்து கவுண்டர் வேலைக்கு மாற்றச் சொன்னேன்.

"மாதனைக் கவுண்டர்ல போட்டா ஈயத்தை யாருப்பா ஊத்தறது? நீ ஊத்தறியா? படிச்ச கை, சுட்டுக்கும்."

"மூளைக்குப் போகுதாம் சார். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனாவது..."

"ஆய்த்து பிடப்பா, சரி விடு. நாளையிலேருந்து ஆளுக்கு ரெண்டு கட்டி கொடு."

மாதண்ணனும் அடுப்பை விடவில்லை. "ஈயம் ஊத்தாட்டி இங்க நான் யாருங்க தம்பி? ஆசிட் கேன் தூக்கற ஆளு" என்றார்.

மறதி வளர்ந்தது. குடித்த டீயை மறுபடி கேட்டார். பிளேட்டுகளை அடுக்கும்போது பாதியில் நின்று, அடுத்தது எது என்று பக்கத்து ஆளைப் பார்த்தார்.

ஒரு சாயங்காலம் அவருக்கு இரண்டு கட்டி கொடுத்தேன். தின்றார், கை கால் கழுவினார், சட்டை மாற்றினார். மறுபடி கல்லாவுக்கு வந்து கையை நீட்டினார்.

"தம்பி, எனக்கு மட்டும் இன்னும் வெல்லம் தரலீங்களே."

மீசையில் வெல்லத் துகள் ஒட்டியிருந்தது.

"ரெண்டு பத்தலையா மாதா? மூட்டையோட கொடுத்துரலாமா?" என்று பின்னால் சிரித்தார்கள். அவரும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார். நான் இன்னும் இரண்டு கட்டி எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்த லைனுக்கு வருகிற தம்பிகளே, வேலை கேட்கும் முன் அடுப்புக்கு மேல் நிமிர்ந்து பாருங்கள். புகை வெளியே போக வழி இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். மூச்சில் போனதை வெல்லம் எடுக்காது.

இதை மாதண்ணனிடமும் பலமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்கிறவர் போலத்தான் கேட்டுக்கொண்டார்.