முன்வரிசையில் இருந்த குடுவை

பத்மா போய்விட்டாள் என்ற செய்தி, எங்கள் கம்பெனி பஸ் சூளகிரியைத் தாண்டும்போது வந்தது. மாரடைப்பு. பஸ்ஸில் இருந்தவர்கள் அழுதார்கள். எனக்கு முதலில் தோன்றியதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை: இனி யாரும் என்னை அவளோடு ஒப்பிட மாட்டார்கள். அப்புறம்தான் எனக்கும் அழுகை வந்தது.

ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் அடுத்தடுத்த மேசையில் வேலை செய்தோம். நான் இரண்டு வயது மூத்தவள், அவளுக்கு ஜெயாக்கா. அவள் பேரிகைப் பக்கம், தக்காளி போடும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கேன்டீன்காரரிடம் கன்னடம். எதில் பேசினாலும் நாலு பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

குடுவைகளில் செல் வளர்ப்பது எங்கள் வேலை. தோலிலிருந்து எடுத்த செல்கள் பல தடவை பெருகிய பிறகு கிழடு தட்டி நின்றுவிடும். நின்றதில் பிளீச் ஊற்றிக் கொட்டிவிடுவது வழக்கம். நான் எத்தனையோ கொட்டியிருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு தடவை அவள் கொட்டவில்லை. அந்தக் கிழட்டுச் செல்கள் ஊறிக் கிடந்த திரவத்தை எடுத்துப் புற்றுச் செல்களுக்கு ஊற்றிப் பார்த்தாள். அவை முன்னைவிட வேகமாகப் பெருகின.

"பெருகறதத்தான் நிறுத்தியிருக்குதுக்கா, பேசறத நிறுத்தல. பக்கத்துல புற்று இருந்தா அதுக்கும் தீனி போடுது," என்றாள்.

"புற்று ஆயிடக் கூடாதுன்னுதானே அது கிழடா நிக்குது?"

"ஆமாக்கா. தான் கெடாம நின்னுக்குது. அக்கம்பக்கத்தக் கெடுத்துருது."

மாதக் கூட்டத்தில் மேலாளர், "வேற ஒருத்தர் செஞ்சு பாத்து இதே வந்தா மேல கொண்டு போலாம். யாரு செய்றீங்க?" என்று கேட்டார். "அவ குடுவையில கிருமி ஏறியிருக்கும் சார்," என்றேன் நான். வேலை அதோடு நின்றது.

அவள் சொன்னது தப்பு என்று காட்ட எனக்கு ஆசை. அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்களுக்குத் தீனி மாற்றும் முறை என்னுடையது. செல்களைக் கதகதப்பாக வைக்கும் அவளுடைய இன்குபேட்டரிலிருந்து ஒரு கிழட்டுக் குடுவையைத் திருடி, அவள் செய்தபடியே செய்தேன். கிருமி இல்லை. அவளுக்கு வந்ததே எனக்கும் வந்தது. மூன்று ஞாயிறு, மூன்று குடுவை. ஒவ்வொரு முறையும் குடுவை முன்வரிசையிலேயே, கைக்கு எட்டும்படி இருந்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். முடிவுகளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். குடுவை குறைந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. மறுநாள் வழக்கம்போல வீட்டுத் தக்காளி கொண்டுவந்து கொடுத்தாள்.

போன வாரம் அவள் மேசையைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. குறிப்பேட்டில், அந்த மூன்று வாரமும் சனிக்கிழமை தேதியில் ஒரே வரி இருந்தது: "பழைய குடுவை ஒண்ணு முன்னால வெச்சிருக்கேன், ஜெயாக்காவுக்கு." மூன்றாவது வரிக்குக் கீழே, "அவங்களே சொல்லுவாங்க."

நான்கு வருடம் காத்திருக்கிறாள். மனசு பெரிதாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

இங்கே அவளுக்காகக் கூடியிருக்கும் நீங்கள் அவளைத் தெரிந்தவர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன். அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கடைசி வரி. இன்று காலை இழுப்பறையைத் திறந்து மூன்று தாள்களையும் மேலாளரிடம் கொடுத்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பத்மாவின் பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். அவள் சொன்னது சரி. நான் மூன்று முறை பார்த்தேன்.