கோமதி மேடத்தின் எச்

மல்ஹோத்ராவின் எஸ்எம்எஸ் வந்தபோது ஜனக்புரி சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் இந்தி. கோமதி ஜி இன்று காலை காலமாகிவிட்டார் என்று இருந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரு தரம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்தேன். செய்தியில் ஏதோ ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருப்பதாகப் பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. கடைக்காரன், வாங்குகிறீர்களா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் பிரிவில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி மேடம் சங்கரன்கோவில்காரர். டைப்பிஸ்டாக டெல்லிக்கு வந்தவர். கரோல் பாகில் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியபோது சண்டை போட்டு உள்ளே வந்தார். சண்டை என்று நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை. நிர்வாக அதிகாரி அதன் பிறகு மேடம் வரும் நடைவழியில் நடக்கவே மாட்டார்.

அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி'க்குப் பின்னால் ஓர் எச் வரும். 'த'வை நாம் அப்படித்தான் எழுதுவோம். வடக்கத்தியர்களுக்கு வெறும் 'டி'யே 'த'. எச் சேர்த்தால் காற்று கூடி அது வேறு எழுத்தாகிவிடும். ஆகவே கீழ்த்தளத்தில் சர்வரைப் பார்த்துக்கொண்ட பஞ்சாபிக்காரரான மல்ஹோத்ரா, எச்சை விட்டுவிட்டுத்தான் எழுதுவார். மேடம் விடுவாரா? எச் இல்லாமல் வரும் எந்தக் கடிதத்திலும் 'இப்பெயரில் இப்பிரிவில் எவரும் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கு வந்த பாராட்டுக் கடிதம்கூட ஒன்று அப்படித் திரும்பிப் போயிருக்கிறது.

"பேரைச் சரியாக் கூப்பிடட்டும், திரும்பிப் பாக்கேன்" என்பார்.

என்னை நாதன், நாத், நாத்து என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் திரும்பினேன். அதற்காக மேடத்திடம் திட்டும் வாங்கினேன். அந்த அலுவலகத்தில் என்னை வைத்தியநாதன் என்று முழுப் பெயர் சொல்லி அழைத்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர்களுக்கும் கீழ்த்தளத்து சர்வருக்கும் நடுவே பேச்சு நடத்திவைப்பது ஓடிபிசி டிரைவர் என்ற மென்பொருள். அது அடிக்கடி மக்கர் பண்ணும். டிரைவர் பழசாகிவிட்டது, சரியாக வேலை செய்வதில்லை, மாற்றித் தரவும் என்று மேடம் நிர்வாகப் பிரிவுக்குக் குறிப்பு எழுதினார். மேற்படி டிரைவரின் பணிப்பதிவேட்டை இணைத்து அனுப்பும்படி பதில் வந்தது. அதன் பின்னாலேயே ஆபீஸ் கார் ஓட்டும் ராம்பால் படியேறி வந்தார்.

"மேடம்ஜி, மேரா கசூர் க்யா ஹை?"

தான் செய்த குற்றம் என்ன என்று கேட்டார். மேடம் அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, தமது திருநெல்வேலி இந்தியில் ஓடிபிசியை விளக்கினார். ராம்பாலுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. பெட்டிக்குள் இன்னொரு டிரைவர் இருக்கிறான், அவனுக்குத்தான் உடம்பு சரியில்லை. அன்றிலிருந்து எங்களை எங்கே பார்த்தாலும் முதலில் அவன் நலத்தைத்தான் விசாரிப்பார்.

இதற்கிடையில், கம்ப்யூட்டர் வேலையை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு எங்களைப் பழைய இடங்களுக்கே துரத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு கிளம்பியது. கடைசி வாய்ப்பாக ஒரு நாள் குறித்தார்கள். ஓய்வுபெறப் போகிறவர்களின் விவரங்களைப் புது சர்வரிலிருந்து வரவழைத்து ஜாயின்ட் செக்ரட்டரிக்குத் திரையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நான் தபால் பிரிவுக்கு, மேடம் மறுபடியும் டைப்பிங் பிரிவுக்கு. "அந்த மிஷின் முன்னால இன்னொரு தடவ உக்காந்தா எனக்குக் கிறுக்குதான் பிடிக்கும், வைத்தியநாதன் சார்" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

புது சர்வர்களுக்கு நதிகளின் பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது சரஸ்வதி. மல்ஹோத்ரா இன்டர்காமில் பெயரைச் சொன்னார், மேடம் தட்டினார். அப்படி ஒரு சர்வர் இல்லை என்றது திரை. டிரைவரை அடியோடு நீக்கிவிட்டு மறுபடி போட்டார். இல்லை. கேபிளை மாற்றினார். அப்போதும் இல்லை. சர்வரின் எண்ணைக் கொடுத்து விசாரித்தால் மட்டும் உடனே பதில் வந்தது. எண்ணையே கொடுத்துத் தொலைக்கலாம் என்றால், அது மாறிக்கொண்டே இருக்கும், பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று மல்ஹோத்ரா கறாராகச் சொல்லியிருந்தார்.

"உசிரோடதான் இருக்கு. பேரச் சொன்னாத்தான் திரும்ப மாட்டேங்கு" என்றார் மேடம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சரஸ்வதி கண்ணுக்குத் தெரியாத நதிதானே என்றேன். அவர் பார்த்த பார்வையில் டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

நான் திரும்பி வந்தபோது மல்ஹோத்ராவே மூச்சு வாங்க மாடியேறி வந்திருந்தார். குனிந்து திரையைப் பார்த்தார்.

"கோமதி ஜி, யே எச் கஹான் ஸே ஆயா?"

இந்த எச் எங்கிருந்து வந்தது என்கிறார். மேடம் சரஸ்வதிக்கும் எச் போட்டிருந்தார். நம்மவர் யார் தட்டியிருந்தாலும் அதைத்தான் தட்டியிருப்பார்கள். காலையிலிருந்து நானும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எச்சை எடுங்கள் என்றார் மல்ஹோத்ரா. சர்வரின் பெயரை மாற்றுங்கள் என்றார் மேடம். மாற்றினால் கட்டடம் முழுக்க வேலை நின்றுபோகும் என்றார் அவர். நிற்கட்டும் என்றார் இவர். ஜாயின்ட் செக்ரட்டரிக்கான பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்கியாகிவிட்டது. இங்கே ஓர் எழுத்துக்கு மல்லுக்கட்டு நடக்கிறது.

மேடம் கொஞ்ச நேரம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மாறியது. டிரைவரை அமைக்கும் அந்தத் திரையில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் இணைப்புக்கு நாம் வைக்கும் பெயர், மற்றதில் சர்வரின் சொந்தப் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காலையில் இரண்டிலும் ஒரே பெயரைத் தட்டியிருந்தார். இப்போது சர்வரின் கட்டத்தில் மட்டும் எச்சை அழித்தார். நம்முடைய கட்டத்தில் அதைத் தொடவில்லை.

"அவங்க வீட்டுல அவங்க வச்ச பேரு. நம்ம வீட்டுல நாம கூப்பிடுத பேரு. நடுவுல ரெண்டு பேரையும் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும்லா? அதுக்குத்தான் சார் டிரைவர்."

பொத்தானை அழுத்தினார். சரஸ்வதி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ஜாயின்ட் செக்ரட்டரி தாமதமாக வந்தார். பிஸ்கட் சாப்பிட்டார். வரிசை வரிசையாகப் பெயர்கள் வருவதைப் பார்த்து "அச்சா, அச்சா" என்றார். பிரிவு பிழைத்தது. எங்கள் டிரைவருக்கு உடம்பு தேறிவிட்டது என்று ராம்பாலிடம் சொன்னேன். மறுநாள் அவனுக்காக அனுமன் கோவில் லட்டு கொண்டுவந்தார். பெட்டிக்குள் இருப்பவனுக்காக மேடமே சாப்பிட்டார்.

மேடம் ஓய்வுபெற்ற அன்று மல்ஹோத்ரா வரவழைத்த கேக்கிலும் எச் இல்லை. மேடம் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இது வேறு யாருக்கோ நடக்கும் விழா, சமோசா சூடாக இருப்பதால் உட்காருகிறேன் என்று இந்தியில் சொல்லி ஏற்புரையை முடித்துக்கொண்டார். மல்ஹோத்ரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை வருடமாக இந்த மனிதர் வேண்டுமென்றேதான் எச்சை விட்டுவந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். யார் பெயரையும் எழுதுவதற்கு முன்னால், நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்வேன். கூரியர் பையனிடம்கூடக் கேட்டிருக்கிறேன். என்னை நாத்து என்று யாராவது கூப்பிட்டால் இப்போது திரும்புவதில்லை.

அன்று சந்தையிலிருந்து வந்து, செய்தியை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் வழக்கத்துக்கு மாறானது எது என்று கண்ணில் பட்டது. எச் இருந்தது. மல்ஹோத்ராவுக்கு ஃபோன் செய்தேன்.

"இஸ் பார் கலத் நஹீன் லிக்கா கயா, வைத்யநாதன் ஜி" என்றார். இந்தத் தடவை தப்பாக எழுதக் கை வரவில்லையாம்.

வழக்கம்போலவே எச் இல்லாமல் எழுதியிருக்கலாம். இப்பெயரில் இப்பிரிவில் எவரும் இல்லை என்று எழுதி, அந்தச் செய்தியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.