அக்கா தட்டிப் பார்த்த சுவர்

என் அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டுக்காரரும் அவளை ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை. கல்யாண போட்டோ வீட்டுக்கு வீடு தரையில் சாய்ந்தபடியே குடித்தனம் நடத்தியது.

ஒருவழியாகப் பணம் சேர்த்து, ஒரு பழைய வீட்டைப் பார்க்கக் கிளம்பினாள். கூட நானும் ஒரு கொத்தனாரும். ரிப்பேர் செலவை மதிப்பிட்டு, சொல்கிற விலையில் அதைக் கழித்துக் கேட்பதாக ஏற்பாடு. "எதைப் பாத்தாலும் மூஞ்சிய உம்முன்னு வச்சுக்க" என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டாளா?

"ஐயோ, கூரை ஒழுகுதுடா!" என்று மாடியில் குதித்தாள். ஒழுகினால் விலை குறையுமாம். துருப்பிடித்த குழாய், கருகிய சுவிட்ச் போர்டு, கரையான் அரித்த கதவு என்று கொத்தனார் செலவு சொல்லச் சொல்ல அவளுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்காரப் பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, உங்க அக்காவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"சுவரை மட்டும் குறை சொல்லாதீங்க, கல்லு மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனார். அக்கா கொத்தனாரின் சுத்தியலைப் பிடுங்கினாள். மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டியவள் ஓங்கி ஒரு போடு போட்டாள். பாதிச் சுவரின் பூச்சு பொலபொலவென்று எங்கள் தலையில் கொட்டியது.

"போச்சு! இந்தச் செலவும் நம்ம தலையில விடிஞ்சா உங்க பணம் பத்தாது" என்றார் கொத்தனார். "தானா விழுந்துச்சுன்னு சொல்லுங்க."

பெரியவர் தண்ணீரோடு வாசலில் நின்றார்.

"நான்தாங்க உடைச்சேன்" என்றாள் அக்கா. "இதை விலையில கழிக்க மாட்டேன்."

அவள் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது எனக்கு. பெரியவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினேன். மனுஷன் சிரிக்கிறார்!

"கூலி மிச்சம்னு நானே பூசின சுவர்ம்மா இது. என் சம்சாரம் கடைசி வரைக்கும் 'விழப்போகுது பாரு'ன்னு சொல்லிட்டே இருந்தா. இதையும் கழிங்க."

"கழிக்க மாட்டேங்க."

"கழிச்சாத்தான் விப்பேன்!"

இப்படியும் ஒரு பேரமா! கொத்தனார் இடையில் புகுந்து கழித்தே விட்டார். கணக்கு அக்காவின் கையிருப்புக்குள் அடங்கியது, பெரியவரும் தலையாட்டினார். அக்கா சிரித்தாள், அழுதாள், சந்தோஷத்தில் என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். சுத்தியல் இன்னும் அவள் மறு கையில்தான் இருந்தது.

"ஐயா, இப்பவே ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

"அந்தப் பக்கச் சுவர்ல அடிங்கம்மா" என்றார் பெரியவர். "அது நான் பூசினதில்ல."