கம்போடியாவில் விழுந்த மாம்பழம்

காரைக்காலில் பிறந்த குழந்தைக்கு மாம்பழத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து பழங்களை வீசுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் கீழே நின்று பிடிப்பார்கள். அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எனக்குப் பிடிப்பதைவிட வீசுவதில்தான் ஆசை. சாமி வரும் தெருவில் அப்பாவின் சிநேகிதருக்கு மாடி வீடு. நடை பழகிய நாளிலிருந்தே அந்த மாடியில் என்னைத் தூக்கிப் பிடித்து, “சாமி வந்துட்டாரு, வீசு வீசு” என்று பழக்கியிருந்தார்கள்.

எனக்கு எட்டு வயதானபோது அம்மா ஒரு பழத்தை முந்தானையில் ஏந்திப் பிடித்தாள். அந்த நெரிசலில் ஒற்றைச் செருப்பு போயிற்று. பழம், பாங்காக்கில் இருந்த என் சித்திக்கு. அம்மாவின் ஒரே தங்கை அவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், வீட்டில் தொட்டில் ஆடவில்லை. வருஷா வருஷம் அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது ஒரு பழம் கொடுத்தனுப்புவாள் அம்மா. அது நசுங்கியோ அழுகியோ போய்ச் சேரும். பலிக்காததற்கு அம்மா கண்டுபிடித்த காரணம் அதுதான். இந்த வருஷம் தானே கொண்டுபோய், சிவன் சன்னிதியில் வைத்து, தன் கையாலேயே ஊட்டிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள். லீவு கிடைக்காத அப்பா, காரைக்கால் கோவில்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் காவல். எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு ஒரு கடிதம். காய்ச்சலோடு நான் விமானம் ஏறினேன்.

விமான நிலையத்தில் பழங்களைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று சித்தப்பா போனில் எச்சரித்திருந்தார். அம்மா பழத்தை என் டிபன் பாக்ஸில் வைத்து, மேலே புளிசாதத்தை அமுக்கினாள். “சாமி பழத்துக்கு எவன் சுங்கம் கேக்குறான்னு பாக்குறேன்” என்றாள். யாரும் கேட்கவில்லை. பழத்துக்குக் கொஞ்சம் புளி வாசனை வந்ததோடு சரி.

“இங்கேயே கோயில் இருக்குக்கா, எதுக்கு அலையணும்?” என்று சித்தி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா காதில் வாங்கவில்லை. சித்தப்பா நல்ல மனிதர். வந்தவர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, கம்போடியா எல்லையில் மலையுச்சியில் ஒரு சிவன் கோயில் இருப்பதாக வாயை விட்டுவிட்டார். அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டியது, ஆயிரம் வருஷப் பழசு. அம்மாவுக்கு அது போதும். வாடகை வேனில் ஒரு பகல் முழுக்கப் போய், வழியில் தங்கி, மறுநாள் காலை அங்கே சேர்ந்த பிறகுதான் மீதிக் கதையைச் சொன்னார். கோயில் கம்போடியாவில் இருக்கிறது. அதன் படிக்கட்டு தாய்லாந்தைப் பார்த்து இறங்குகிறது. இரண்டு நாட்டுக்கும் தகராறு வந்து அந்தப் பாதையை அடைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பாறை முகட்டில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் கம்போடியாவுக்கே ஓடியிருப்பார்கள். ஆனால் அவள் சட்டென்று மனம் தேறிக்கொண்டாள். “கோபுர தரிசனம் கோடி புண்ணியம். இங்கேருந்தே பாத்துட்டுச் சாப்புடட்டும்.”

முகட்டில் ஒரு கம்பி வேலி. அதற்கப்பால் நிலம் அப்படியே கீழே போய்விட்டது. அடியில் பச்சைக் காடு. பக்கத்து மலையின் விளிம்பில் சாம்பல் நிறக் கற்கள் தெரிந்தன. வாடகைக்கு எடுத்த பைனாகுலரில் எனக்குக் கூரையில்லாத ஒரு வாசலும், அதன்மேல் முளைத்த செடியும் தெரிந்தன. “கோபுரத்தையே காணோமேடி” என்று அம்மா முணுமுணுத்தாள். பிறகு சித்தியின் கையில் பைனாகுலரைக் கொடுத்து, “நல்லா மனசார வேண்டிக்க” என்றாள். பழத்தை என்னிடம் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

சித்தப்பா ஏதோ ஒரு கல்லைக் காட்டி, “அதோ, சாமி இருந்த இடம் அதாங்க” என்றார்.

நான் வீசிவிட்டேன்.

உயரமான இடம், எதிரே சாமி, கையில் மாம்பழம். வேறு என்ன செய்வதாம்? பழம் வெயிலில் ஒரு முறை மின்னியது, பிறகு காட்டுக்குள் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டியது அது ஒன்றுதான். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் ஓடிவந்தார். சித்தப்பா இரண்டு கைகளையும் கூப்பி, வீசுவதுபோல் நடித்துக் காட்டி, தாய் மொழியில் என்னென்னவோ சொன்னார். சிப்பாய் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் திரும்பிப் போனார். அம்மா என் முதுகில் வைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

சித்திதான் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாரம் தூக்கி வந்தவள் இறக்கி வைத்ததுபோல, மூச்சு வாங்கும்படியான சிரிப்பு. நான் செய்தது தப்பில்லை போலிருக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, “அழுவாதீங்க சித்தி, அடுத்த வருஷம் நானே பத்துப் பழம் புடிச்சிட்டு வர்றேன். நீங்களே பத்தையும் சாப்புடலாம்” என்றேன். அழாதவளைப் பார்த்து ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது. சிரிப்பு நின்றது. “சரிடா கண்ணு” என்றாள்.

திரும்பும்போது வேனில் அவள் மடியில் படுத்துத் தூங்கிப்போனேன். பேச்சுக் குரல் கேட்டு பாதித் தூக்கத்தில் விழித்தேன்.

“இனிமே வாய்ப்பே இல்லன்னு டாக்டரம்மா சொல்லி ஆறு மாசமாச்சுக்கா. நீ பழத்த தூக்கிட்டு வந்து நிக்கிற. உன் மொகத்தப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன்?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தி ஒரு கையால் என் தலையைத் தடவியபடி, இன்னொரு கையால் அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பழம் சாப்பிட வேண்டிய சித்தியே சும்மா இருக்கிறாள். இந்த அம்மா மட்டும் ஒரு மாம்பழத்துக்காக இப்படி அழுகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.